அலமாரிக்குக் கட்டிய பட்டுப்புடவை

என் அண்ணன் முனிராஜ் ஸ்டூலில் ஏறி நின்று, ஹாலில் இருக்கும் என் கண்ணாடி அலமாரிக்குத் திரை கட்டிக்கொண்டிருந்தான். திரைக்கென்று அவன் கையில் அகப்பட்டது என்னுடைய கல்யாணப் பட்டுப்புடவை. வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டிருந்ததால், வேப்பனப்பள்ளியிலிருந்து வந்து இறங்கியபின் முதன்முறையாக அவன் எனக்கு அறிவுரை சொல்லாமல் இருந்தான்.

"ஆணி அடிச்சா பட்டு கிழிஞ்சிடும்ணா" என்றேன்.

ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு சொன்னான். "கிழிஞ்சா கிழியட்டும் கிரிஜா. நீ என்னா, இனிமே அதக் கட்டிக்கினு எங்கியாவது போவப் போறியா?"

புருஷன் விட்டுப் போன தங்கையிடம் இப்படிப் பேசலாமா என்றெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை அவன். மாமரத்துக்கு மருந்தடிப்பதற்கு முன்னால் நாள் முழுக்க யோசிப்பான். மனிதர்களிடம் பேசுவதற்கு அந்தச் சிரமமெல்லாம் கிடையாது. புடவையை உதறியதில் அறை முழுக்கப் பூச்சி உருண்டை வாசனை. நான் வாயை மூடிக்கொண்டு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டைகளை எழுதியபோது, 'என் பிளாக்ஸ் அலமாரி' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அது என்ன என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் 'இந்த வயதில் பொம்மையா?' என்று கேட்டிருக்கிறார். அவரும் உட்கார்ந்து படிக்கட்டும்.

ஒரு சாக்கு போதும்

அன்று பவித்ராவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பவித்ரா அண்ணனின் ஒரே பெண். ஓசூரில் வேலை கிடைத்ததிலிருந்து என் வீட்டில்தான் இருந்தாள். கூட வேலை பார்க்கும் சதீஷும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பையன் தங்கமானவன். சிக்கல் அவன் அம்மா நாகம்மாவிடம். ஜவளகிரியில் நிலபுலத்தோடு இருக்கிற அந்த அம்மாவுக்குத் தன் தம்பி மகளை மருமகளாக்கிக்கொள்ள ஆசை. மகன் பிடிவாதத்துக்காகத்தான் எங்கள் வீட்டுக்கு வரவே சம்மதித்திருந்தார்.

"அவங்களுக்கு வேணாம்னு சொல்ல ஒரு சாக்கு கெடச்சா போதும் அத்தை" என்று பவித்ரா முந்தின நாளே அழுதாள்.

அந்தச் சாக்கு என் அலமாரிதான் என்று அண்ணன் முடிவு செய்துவிட்டான். "ஐம்பதைத் தொடப் போற பொம்பள பொம்மை வச்சி வெளையாடறான்னு தெரிஞ்சா, குடும்பத்துலயே கோளாறுன்னுடுவாங்க." பவித்ரா முகத்தைப் பார்த்தேன். சரி, மூடித் தொலை என்றேன்.

அலமாரிக்குள் இருந்தது இவ்வளவுதான். குழந்தைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்திப் பொருத்தி வீடு கட்டுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகள். அவற்றைத்தான் பிளாக்ஸ் என்கிறோம். அவற்றோடு விரல் உயரத்தில் குட்டி மனிதர்களும் வருவார்கள். தலையைக் கழற்றலாம், முடியை மாற்றலாம், கையில் சுத்தியலோ டீ கப்போ மாட்டலாம். பல் டாக்டர், தேனீ வளர்ப்பவர், மீன்காரர், வெல்டிங் முகமூடி போட்ட பெண் என்று ஒரு ஊருக்கு வேண்டிய ஆட்கள் என்னிடம் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஜூஜுவாடி செக்போஸ்ட்டை நானே கட்டியிருக்கிறேன். கர்நாடக எல்லையைத் தாண்ட லாரிகள் வரிசையில் நிற்கும். டிரைவர்கள் அத்தனை பேரும் டீக்கடையில் இருப்பார்கள். அந்த டீக்கடை பவித்ராவின் யோசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு தரையில் உட்கார்ந்து சின்னச் சக்கரம், பெரிய சக்கரம் என்று பிரித்துக் கொடுத்தவள் அவள்.

எனக்குத் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஷிஃப்ட் முழுக்க நின்றபடி அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு கட்டையை இன்னொன்றின் மேல் வைத்து அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும். சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். இதற்கு மேல் காரணம் எதுவும் கிடையாது.

ஆனால் காரணம் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவார்களா சொந்தக்காரர்கள்? 'பாவம், புள்ள இல்லாத ஏக்கம்' என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இதில் முதல் நீதிபதி என் அண்ணி. அவள் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் ஒருவரும் காபி குடிக்காத கப்புகள், விளக்கு எரியாத தாஜ்மகால், பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து, பிரிக்காத உறையோடு ஒரு கரடி பொம்மை. அதற்குப் பெயர் ஷோகேஸ். என்னுடையதற்குப் பெயர் ஏக்கம்.

பைத்தியம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வராது. 'பாவம்' என்று கேட்டால்தான் உடம்பெல்லாம் எரிகிறது. குழந்தை இல்லை என்று என் கணவர் தர்மபுரிப் பக்கம் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போனபோது நான் அழுதேன். நன்றாக அழுதேன், அழுது முடித்தேன். அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பிசையாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

"பையனுக்கா மேடம்?"

உறவுக்காரர்களை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை. ஊரில் மற்றவர்களும் இருக்கிறார்கள்.

பெங்களூரில் ஒரு பெரிய மாலில் இந்தப் பெட்டிகள் விற்கும் கடை இருக்கிறது. ஓசூரிலிருந்து பஸ் மாறிப் போய், ஏசி குளிரில் நின்று, பெட்டியை எடுத்துப் பார்ப்பேன். உடனே ஒரு இளைஞர் வந்துவிடுவார்.

"பையனுக்கா மேடம், பொண்ணுக்கா?"

"எனக்கு."

"ஓ, கிஃப்டா மேடம்?"

"எனக்குத்தாம்பா."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வயதானவர்கள் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டால் கண்டக்டர் சிரிப்பாரே, அதே சிரிப்பு. பெட்டியின் மேலேயே பெரியவர்களுக்கானது என்று அச்சடித்திருக்கும். அதை அவரிடம் காட்டினால், படிக்காத குற்றம் என்னுடையது போலப் பார்ப்பார்.

இதையே சேர்க்கிற, வயதில் பெரியவர்களின் கூட்டம் ஒன்றுக்கும் போனேன். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் சாஃப்ட்வேர். நம்மைப் போல நாலு பேர் இருக்கிறார்கள் என்று சந்தோஷமாகத்தான் போனேன். அவர்களில் பாதிப் பேர் பெட்டியைப் பிரிப்பதே இல்லையாம். பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். பெட்டி முனை நசுங்கிவிட்டதென்று ஒருவர் குரல் கம்மப் பேசினார், மற்றவர்கள் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒரு கட்டையைக்கூட இன்னொரு கட்டையோடு சேர்க்காமல் மத்தியானம் வரை ஆங்கிலத்தில் பேசினார்கள். என் செக்போஸ்ட் படத்தைக் காட்டினேன். "நைஸ். உங்க ஹஸ்பண்ட் பண்ணதா?" என்றார் ஒருவர்.

அங்கே காபி மட்டும் நன்றாக இருந்தது. அதைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

திறந்த பெட்டி

எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் ஒரு வருடம் குடும்ப விழா வைத்தார்கள். தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு என்று ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். வரிசையில் நின்ற எல்லாருக்கும் கொடுத்ததில் எனக்கும் ஒன்று வந்தது.

அடுத்த நாள் சூப்பர்வைசர் லைனுக்கு வந்து, மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினார். "கொழந்த இல்லாதவங்கல்லாம் பெட்டியத் திருப்பிக் குடுத்துடுங்க. எண்ணிக்கை இடிக்குது."

'இல்லாதவங்கல்லாம்' என்று பன்மையில்தான் சொன்னார். ஆனால் மொத்த லைனும் என்னை ஒருத்தியைத்தான் திரும்பிப் பார்த்தது.

"நான் தொறந்துட்டேன் சார்" என்றேன்.

திறந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கிழித்துத் திறந்தேன். உள்ளே ஒரு தீயணைப்பு வண்டியும் அதற்கு ஒரு ஆளும். கட்டி முடித்தபோது கோபம் போயிருந்தது, பசி வந்திருந்தது. அது கோபத்தில் திறந்த பெட்டி. ஏக்கத்தில் திறந்ததாக யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

சாமி எங்கே?

பெண் பார்க்க வந்தவர்களிடம் திரும்புவோம்.

நாகம்மா, அவர் வீட்டுக்காரர், சதீஷ் மூவரும் காரில் வந்து இறங்கினார்கள். அண்ணி சமையலறையில் கேசரியும் போண்டாவும் செய்து மூடி வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில், சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடாமல் எழுந்துவிடுவார்கள். அதனால் எல்லார் கண்ணும் அந்தக் கேசரி மேல்தான்.

நாகம்மா கையில் பூவும் பழமும் வெற்றிலையும் வைத்த தட்டு. உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"சாமி எங்கீங்க வச்சிருக்கறீங்க? தட்ட சாமிகிட்ட வச்சிட்டு அப்பறமா பேசலாம்."

என் வீட்டுச் சாமி சமையலறை ஷெல்ஃபில் கடுகு டப்பாவுக்கு மேலே இருக்கிறது. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், அந்த அம்மாவின் கண் பட்டுத் திரைக்குப் போய்விட்டது. போதாக்குறைக்கு அழகாக இருக்கட்டும் என்று அண்ணி அதில் மல்லிகைச் சரம் வேறு தொங்கவிட்டிருந்தாள்.

"ஓ, இங்கியே இருக்குதே" என்றார் நாகம்மா.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். துணி பீரோ என்று சொல்லியிருக்கலாம். என் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க, சாமிதாங்க" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். நல்ல காரியம் பேச வந்தவர்களிடம் முதல் வார்த்தையே 'இல்லை' என்று சொல்லக் கூடாதாம். அபசகுனமாம். உலகத்தில் இப்படி ஒரு மூளை என் அண்ணனுக்குத்தான் இருக்கும்.

நாகம்மா கற்பூரம் கேட்டார். பவித்ரா கொண்டுவந்தாள். எல்லாரும் எழுந்து கைகூப்பினார்கள், அண்ணனும் கூப்பினான். திரையை விலக்க ஒருவரும் நகரவில்லை என்றதும் நாகம்மாவே புடவை ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஆணி கழன்று புடவை பாதி சரிந்து விழுந்தது.

உள்ளே பல் டாக்டரும் மீன்காரரும் டீ குடிக்கும் டிரைவர்களும் வரிசையாகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சதீஷின் அப்பா மட்டும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் சிரித்திருப்பேன். பவித்ராவின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"என்னாங்க இது?" என்றார் நாகம்மா. "சாமின்னு சொன்னீங்களே. பொய் சொல்லித்தான் பொண்ணு குடுப்பீங்களா உங்க ஊர்ல?" தட்டைக் கீழே வைக்காமல் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். தேடி வந்த சாக்கு அவருக்குக் கிடைத்துவிட்டது.

மூத்தது எது?

'அது என்னோடதுங்க, எனக்குப் புடிக்கும், சேக்கறேன்.' இதைச் சொல்லத்தான் முன்னால் வந்தேன். அதற்குள் அண்ணன் குறுக்கே பாய்ந்தான்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. என் தங்கச்சிக்குப் புள்ள இல்லீங்க. புருஷனும் வுட்டுட்டுப் போயிட்டான். இதுங்களத்தான் புள்ளைங்கன்னு நெனச்சிக்கினு வச்சிருக்கறா. அவளுக்கு இதுதாங்க சாமி."

சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. உரக்கடையில் ஒரு மூட்டை மாற்றித் தா என்று கேட்கத் தெரியாதவனுக்கு இது எங்கிருந்து வந்ததோ.

நாகம்மா தன் வீட்டுக்காரரிடம் கன்னடத்தில் சொன்னார். "மக்களில்லவந்தே. பாப."

பிள்ளைகள் இல்லையாம், பாவம். எல்லையில் இருக்கும் எங்களுக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டாம். எந்த மொழியிலும் அந்தச் சொல் என்னைத் தேடி வந்துவிடுகிறது.

அந்த இடத்திலேயே அண்ணனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சமையலறை வாசலில் பவித்ரா நின்றாள். தலையாட்டவில்லை, கை காட்டவில்லை. சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, 'அத்தை' என்றாள். நான் பேசாமல் நின்றேன்.

நாகம்மா தட்டை அலமாரி முன்னால் வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த, சூடான கை. நல்ல கை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"இதுல மூத்தது எது தாயி?"

நான் கண்ணாடிக் கதவைத் திறந்து, கைக்கு எட்டியதைக் காட்டினேன். அது பல் டாக்டர்.

"பேரு வச்சிருக்கியா?"

"முனிராஜ்" என்றேன்.

அண்ணன் முகம் கறுத்தது. அன்று எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான். நாகம்மா தட்டிலிருந்த குங்குமத்தை விரல் நுனியில் எடுத்துப் பல் டாக்டரின் நெற்றியில் வைத்தார். "நல்லா இருக்கட்டும் உம் புள்ளைங்க. இப்பிடி மனசு இருக்கறவங்க கையில வளந்த பொண்ணு எங்க வூட்டுக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

கை நனைத்தார்கள். கேசரி காலியானது. அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பல் டாக்டரின் நெற்றியில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

எல்லாரும் நல்லவர்கள்

கிருஷ்ணகிரியில் கல்யாணம் நடந்தது. அதுவரை எல்லா விசேஷத்திலும் என்னை ஓரமாக நிற்கச் சொன்ன அதே கூட்டம், இந்த முறை மேடைக்குக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தியது. கதை எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பெரியம்மா முறை ஒருத்தி எனக்கென்று ஒரு பொம்மை வாங்கி வந்திருந்தாள். வயிற்றை அமுக்கினால் அழும். "இதையும் சேத்து வளத்துக்கோ" என்றாள். ஜவளகிரியிலிருந்து கேழ்வரகு வரும்போதெல்லாம் நாகம்மா அதோடு ஒரு சின்னப் பாவாடையும் தைத்து அனுப்புகிறார். என் ஆட்களுக்கு அது கூடாரம் அளவுக்கு இருக்கும்.

முன்பெல்லாம் கேலி செய்வார்கள். பதிலுக்கு நானும் கிழித்துவிடுவேன், கணக்கு நேராகிவிடும். இப்போது ஒருவரும் கேலி செய்வதில்லை. தலையைத் தடவுகிறார்கள், சாப்பிட்டியா என்று கேட்கிறார்கள். இவர்களை நான் எப்படித் திட்டுவது? ஒரு பொய்யால் இத்தனை பேரை என்மேல் அன்பு காட்ட வைத்துவிட்டான் என் அண்ணன். அவனை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

போகட்டும், பவித்ராவுக்கு உண்மை தெரியும் என்று இருந்தேன். ஒருத்திக்குத் தெரிந்தால் போதும் என்று நிஜமாகவே நினைத்தேன்.

சமீபத்தில் ஒரு மத்தியானம் அவள் போன் செய்தாள். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டில் இருந்தாள்.

"அத்தை, கொழந்த பொறந்ததும் நான் வேலைக்குப் போவணும். பகல்ல உங்ககிட்டதான் வுடப் போறேன். நீங்க ரிட்டயர்மென்ட் எழுதிக் குடுத்துடுங்க. சதீஷும் மாமியாரும்கூட அதான் சொல்றாங்க."

"சரி" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அப்பறம் என்னாத்துக்கு அத்தை உங்களுக்கு இந்த பொம்மையெல்லாம்? நெஜமாவே ஒரு கொழந்த வந்துடும் இல்ல?"

சக்கரங்களை என்னோடு பிரித்து வைத்தவள். டீக்கடை வைக்கலாம் என்று சொன்னவள். அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு வலித்தது.

"அத்தை? லைன்ல இருக்கறீங்களா?"

"இருக்கறேன். கொழந்தைய தாராளமா கொண்டு வா, நல்லா வளக்கறேன்" என்றேன். "ஆனா அலமாரி அப்பிடியேதான் இருக்கும். அதுல கை வைக்க வுட மாட்டேன்."

பவித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் இறங்கி, அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கினேன்.